கேமராவுக்கு ஒரு சட்டை

சனிக்கிழமை காலை விமானம். அதற்குள் அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா சரியானால் கூடவே எடுத்துப்போவேன், இல்லாவிட்டால் அலமாரியிலேயே கிடக்கட்டும் என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். வெளிநாட்டு மருத்துவமனையில் மூன்று வருஷ நர்ஸ் வேலை அவளுக்கு. ரிப்பேர் கடைக்காரரோ மூன்று வாரம் கேட்டார்.

“கொண்டா, நான் பார்த்துக்கறேன்” என்று வாயை விட்டாள் அண்ணி. தெருமுனையில் தையற்கடை வைத்திருப்பவள்.

“கேமராவுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?” என்றான் அவள் புருஷன்.

“ஆமா, உங்களுக்குத் தைக்கிறதைவிட துணி மிச்சம்.”

பின்மூடியைத் திறந்தால், வெளிச்சம் புகாமல் தடுக்க வேண்டிய பஞ்சுப்பட்டை உருகித் தாராகியிருந்தது. ஸ்பிரிட்டும் பல்குச்சியுமாக நாத்தனார் அதைச் சுரண்டி எடுத்தாள். மூடி வந்து பொருந்தும் காடிகளில் அண்ணி கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தாள். கீல் பக்கம் வெல்வெட் பட்டை ஒட்டினாள். உரிந்துபோன மேல்தோலைக் களைந்துவிட்டு, பழைய கைப்பையிலிருந்து புதுத்தோல் வெட்டி, விளிம்பை அழகாக உள்ளே மடித்து ஒட்டினாள். கேமரா மாப்பிள்ளை மாதிரி மினுக்கியது.

சோதனைக்கு ஒரு ரோல் எடுத்துக் கழுவக் கொடுத்ததில், வெள்ளிக்கிழமை மதியம் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் வெளிச்சம் கசிந்த சிவப்புக் கோடு.

“அக்காவும் தங்கச்சியும் மாதிரி சேர்ந்துக்கிட்டு என்னைத் தீ வெச்சுக் கொளுத்தியிருக்கீங்களே!” புருஷன் தன் படத்தைத் தூக்கிக் காட்டினான்.

“பரவால்ல விடுங்க அண்ணி” என்று நாத்தனார் பெட்டியை அடுக்கப் போனாள். அந்தப் ‘பரவால்ல’தான் அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. இன்னொரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்க நேரமில்லை.

“நில்லு. வெளிச்சம் உள்ள போற வழியா வெளியேயும் வந்தாகணும் இல்ல?”

புருஷனின் சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி விளக்கை எரியவிட்டு, ஃபிலிம் வைக்கும் இடத்தில் போட்டு மூடினாள். வீட்டிலேயே இருட்டான இடம் குளியலறை. இருவரும் உள்ளே போய்த் தாழ் போட்டு, கதவடியில் துண்டைத் திணித்தார்கள்.

கீல் பக்கம் மயிரிழை போல வெளிச்சம் ஒழுகியது.

“வெல்வெட் சரியாத்தானே ஒட்டினோம்?” என்று நாத்தனார் விரலால் தடவினாள். “அண்ணி, இங்க தோல் ரெட்டையா மடிஞ்சு மூடியைத் தூக்குது. எதுக்கு மடிச்சீங்க?”

“அரை விரல் கூட விட்டு வெட்டினேன். பின்னால பிரிச்சு விடலாம்னு...” சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருபது வருஷத்துக் கைப்பழக்கம்!

“கேமரா குண்டாகப் போகுதா அண்ணி?”

சிரிப்பில் இருவருக்கும் மூச்சு முட்டியது. வெளியே கதவு தடதடத்தது. “உள்ள என்னதான் நடக்குது? அவசரம்!”

“அடக்குங்க, வேலை நடக்குது!”

குளியலறை விளக்கைப் போட்டு, அண்ணி மடிப்பை வெட்டியெறிந்து, விளிம்பை ஒட்டினாள். மூடி ‘டக்’கென்று உட்கார்ந்தது. உள்ளே குட்டி விளக்கு எரிய, வெளியே மறுபடி இருட்டு. இருவரும் கண்ணை அகல விரித்துப் பார்த்தார்கள்.

“உனக்கு ஏதாவது தெரியுதா?”

“ஒண்ணுமே தெரியல அண்ணி!”

ஒன்றும் தெரியாததற்காக இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தது அந்தக் குளியலறையில் அதுவே முதல்முறை. சனிக்கிழமை விடிந்ததும் நாத்தனார் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள். பெட்டியைத்தான் வாசலிலேயே மறந்துவிட்டாள்.