சத்தமில்லாத மேசை

மத்தியானம் ஒரு மணிக்குத்தான் அவள் ஓட்டல்களுக்குப் போன் செய்தாள். கூட்டம் நெரியும் நேரம் அதுதான். எடுத்தவர்களிடம், "வியாழக்கிழமை ரெண்டு பேருக்கு இடம் கிடைக்குமா?" என்று கேட்பாள். பதிலை அவ்வளவாகக் காதில் வாங்கமாட்டாள். பதிலுக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்பதில்தான் கவனம். தட்டு மோதும் சத்தம், நாற்காலியை இழுக்கும் சத்தம், பாட்டு, குழந்தையின் அழுகை என்று ஏதாவது கேட்டுவிட்டால், "அப்புறம் பேசறேங்க" என்று வைத்துவிட்டு நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிடுவாள்.

இது அவளுக்குக் கைவந்த கலை. குடிநீர் அலுவலகத்தின் புகார் பிரிவில் பத்தொன்பது வருஷமாகப் போனோடுதான் உத்தியோகம். "வீட்ல சொட்டுத் தண்ணி இல்லைங்க" என்று ஒருவர் புலம்பிக்கொண்டிருக்கும்போதே அவர் பின்னால் வாளி நிறைவது அவள் காதில் விழுந்துவிடும்.

பக்கத்து மேசை அக்கா மூன்று நாளாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, கடலோரம் போறவங்க மீன் நல்லா இருக்குமான்னு கேப்பாங்க. நீ என்னமோ லைப்ரரி தேடற மாதிரி தேடறே?"

"அப்பாவோட காதுக் கருவிக்குச் சத்தம் ஆகாதுக்கா. ஒரு கரண்டி விழுந்தாக்கூட மண்டைக்குள்ள இடி விழுந்த மாதிரி இருக்குமாம்."

"அப்ப வீட்லயே சமைச்சுப் போட்டுட்டு, அப்புறமா கடலைக் காட்டு. அது எங்க ஓடிடப் போகுது?"

வீட்டில் முடியாது என்பதுதான் சங்கதி. அப்பா இருந்தது பழைய ஆலைக் குடியிருப்பில், வரிசை வீடு. நடுவில் ஒரு செங்கல் கனம்தான் சுவர். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டில் உப்பு எடுத்து வைப்பார்கள் என்று அம்மா கேலி செய்வாள். அம்மா போன பிறகு அவர் உப்புகூடக் கேட்பதில்லை. போனிலோ, "ஆங்? ஆங்? சரி, வச்சுடறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதனால்தான் இந்தப் பயணம். இரண்டு இரவு, மூன்று மத்தியானச் சாப்பாடு. அந்த மூன்று வேளைக்குள் அப்பாவைப் பேச வைத்துவிட வேண்டும்.

அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கடைசிப் பதினோரு நாளும் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். உதடு அசையும், குரல் வராது. ஆறு மணி நேரம் ரயிலில் வந்து அவள் வார்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்து ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. அம்மாவின் தலையை வாரிப் பின்னி, நுனியில் ஒரு துண்டுக் கட்டுத்துணியால் முடிச்சுப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு இளகி, அங்கே நின்ற நர்ஸின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னாள். நர்ஸ் ஒரு கணம் விழித்துவிட்டுத் தலையாட்டினாள்.

கடைசி வரை கூட இருந்தது அப்பா ஒருவர்தான். "அம்மா என்னப்பா சொன்னா?" என்று இதுவரை மூன்று தடவை கேட்டாகிவிட்டது. மூன்று தடவையும் அவர் காதிலிருந்து கருவியைக் கழற்றி, பாட்டரி இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா ஏதோ சொல்லியிருப்பாள், அது அப்பாவுக்குப் புரிந்திருக்கும். இந்த இரண்டிலும் அவளுக்குத் துளி சந்தேகம் கிடையாது. குரல் இல்லாமல் பேசுவது அந்த வீட்டில் புதிதில்லை. இரண்டு பேரும் நெசவாலையில் இருந்தவர்கள். அம்மா தறியில், அப்பா தறி மெக்கானிக். இருநூறு தறி ஒன்றாக ஓடும் கூடத்தில் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோருக்கும் உதட்டுப் பேச்சுதான். ஒவ்வொரு வார்த்தையையும் வாய் நிறைய விரித்து, புருவத்தையும் சேர்த்துக்கொண்டு, நாலு தறிக்கு அப்பால் இருப்பவரிடம் குடும்பக் கதை முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அப்பா கல்யாணத்துக்குக் கேட்டதே அப்படித்தான். அவர் கேட்டதை வரிசை முழுக்கப் படித்துவிட்டது. "முதல்ல என் தறியைச் சரி பண்ணு" என்று அம்மா சொன்ன பதிலையும் படித்துவிட்டது. உதட்டுப் பேச்சில் நீங்க, வாங்க என்று இழுக்கவெல்லாம் நேரம் கிடையாது. வீட்டில் வாய் திறந்தால் மரியாதை குறையாமல் பேசும் அம்மா, தறிக்கூடத்தில் அவரை நீ, வா, போ என்றுதான் சொன்னாள். பிறகு வீட்டிலும், குழந்தைக்குத் தெரியக்கூடாத விஷயங்களை அவள் தலைக்கு மேலே அப்படியே பேசிக்கொண்டார்கள். ஏழு வயதில் ஒருநாள், "சிவப்பு சைக்கிள் வேணாம், நீலம் வாங்குங்க" என்று அவள் நடுவில் புகுந்து சொன்னபோதுதான் குட்டு உடைந்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து மூன்று பேரும் பேசினார்கள்.

அதை நிறுத்தியவளும் அவள்தான். ஆறு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு நல்ல கருவியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் ரயில் நிலையத்தில், எதிர் நடைமேடையிலிருந்து அவர் உதட்டைக் கோணி ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் இந்தப் பக்கம் வந்ததும், "அதான் கருவி இருக்கே, இன்னும் எதுக்குப்பா இது? நாலு பேர் பாக்கறாங்க" என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் குரலில்தான் பேசினார்.

முதல் நாள் ஓட்டல் குன்றின்மேல் இருந்தது. கனத்த தரைவிரிப்பு, வெள்ளைத் துணி போட்ட மேசைகள், ஜன்னல் நிறையக் கடல். அவள் போனில் கேட்டது பொய்யாகவில்லை. அங்கே மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அப்பா சட்டைக் கழுத்தைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்:

"பாப்பா, கக்கூஸ் எந்தப் பக்கம்?"

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. கூடத்தில் இருந்த கரண்டிகள் அத்தனையும் நின்றன. பரிமாற வந்தவர் மிக மரியாதையாகக் கையை நீட்டிக் காட்டினார். அதன் பிறகு அப்பா சாப்பிட மட்டுமே வாயைத் திறந்தார்.

இரண்டாம் நாள் மாடித் தோட்டத்து ஓட்டல். வேறு இரண்டு மேசைகளில்தான் ஆள் இருந்தது, அவர்களும் கிசுகிசுவென்று பேசினார்கள். அவளும் குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு ஆஸ்பத்திரியில..." என்று தொடங்கினாள். அப்பா காதருகே கையைக் கொண்டுபோய், பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டார்.

"அம்மா கடைசியா..." என்றாள் மறுபடி, கொஞ்சம் உரக்க.

அது கேட்டிருக்க வேண்டும். அவர் தட்டைப் பார்த்தார்.

"மீன்ல ஒரு முள்ளு இல்லை பார்த்தியா," என்றார். "எவன்தான் உக்காந்து எடுத்தானோ."

மூன்றாம் நாள் நாலு மணிக்கு ரயில். நோட்டில் மிச்சமிருந்தது ஒரே பெயர். பழைய மாளிகையொன்றை ஓட்டலாக்கியிருந்தார்கள். வாசல் கதவைத் திறந்ததும் கனமான திரைகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்த ஆட்கள் தெரிந்தார்கள். அப்பா படியிலேயே நின்றுவிட்டார்.

"இதுவும் பரீட்சை ஹால் மாதிரியே இருக்கே. எனக்கு வேணாம் பாப்பா. தண்ணி குடிக்கவே பயமா இருக்கு, தொண்டைச் சத்தம் கேட்டுடுமோன்னு."

"சொல்லி வச்சிருக்கேம்பா. ஒரு மணி நேரம்தானே."

"நீ வேணா சாப்பிட்டு வா. நான் அப்படிக் காத்தாட நிக்கறேன்."

அவர் துறைமுகத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவளும் போனாள். படகுத் துறையின் கோடியில் தகரக் கூரை போட்ட ஒரு மீன் கடை இருந்தது. ஒட்டினாற்போல், படகுகளுக்கு ஐஸ் உடைக்கும் இயந்திரம். பாறை பாறையாக ஐஸை விழுங்கி, கடகடவென்று அரைத்துத் துப்பிக்கொண்டிருந்தது. கடைக்குள் எண்ணெய்ச் சட்டி சீறியது. ஆட்கள் தொண்டை கிழியக் கத்தி மீன் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இங்க உக்காரலாம்," என்றார் அப்பா.

"அப்பா, காது பிளக்குது."

"அப்படியா? எனக்குக் கேக்கலையே," என்று சொல்லி, அந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள். இத்தனை பாடுபட்டுக் கடைசி வேளையும் கை நழுவிப் போய்விட்டது. தோளில் துண்டு போட்ட ஒருவர் வந்து தலையை மட்டும் ஆட்டினார். அவள் பலகையில் எழுதியிருந்த பொரித்த மீனைக் காட்டி இரண்டு விரலைத் தூக்கினாள். அப்பா மேசைமேல் உள்ளங்கையைப் பரப்பி, ஐஸ் இயந்திரத்தின் அதிர்வைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்து, வாயை விரித்து, குரலே இல்லாமல் சொன்னார்:

"பெல்ட் தளர்ந்திருக்கு."

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. மறுநொடி புரிந்துவிட்டது. புரிந்த மாத்திரத்தில் கண் கரித்தது. அந்த வாயசைவைப் பார்த்துப் பதினான்கு மாதமாகியிருந்தது. தன்னை நோக்கி வந்ததைப் பார்த்து ஆறு வருஷம்.

உதடு பழக்கம் விட்டுப்போயிருந்தது. மெல்லத் திரட்டிச் சொன்னாள்:

"போய்ச் சரி பண்ணு."

அப்பாவின் முகம் அகலமாக விரிந்தது. இது யாருடைய பதில் என்று அவருக்குத் தெரியாதா. இயந்திரம் அடுத்த பாறையை விழுங்கியது. யாருக்கும் எதுவும் கேட்காத அந்த இடத்தில், அவர் தானாகவே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நீ ரயில் ஏறிட்டேன்னு அம்மாகிட்ட சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். பாப்பா வர்றா, என் தலை பரட்டையா இருக்கு, பாத்தா பயந்துடுவா, வாரி விடுன்னா."

அவர் கைகள் சீப்பாயின.

"சீப்பு இல்லை. விரலாலதான். நிமித்தி உக்காத்தி வச்சு, நான் பின்னாடி உக்காந்தேன். என் நெஞ்சுல சாஞ்சுக்கிட்டா. மூணு பிரி. எத்தனையோ நூல் முடிஞ்ச கை இது, ரெண்டு தடவை அவுந்துபோச்சு."

மீன் வந்தது. கொண்டுவந்தவர் தட்டுகளை வைத்துவிட்டு, இவர்கள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் தட்டைத் தொடவில்லை.

"பின்னிக்கிட்டிருக்கேன்," என்றன அப்பாவின் உதடுகள். "முடி என் கையில அசைஞ்சுது. தாடை அசைஞ்சா முடியும் அசையும் இல்ல? ஏதோ சொல்லிக்கிட்டிருந்தா. நல்லா நீளமா சொன்னா. எனக்கு வாய் தெரியலை. இதோ முடிச்சுட்டுப் பாக்கறேன், இன்னும் நாலு பின்னல்தான்னு நினைச்சேன். கையை விட்டா மறுபடி அவுந்துடுமே. முடிச்சைப் போட்டுட்டுத் திருப்பிப் பாத்தா..."

அந்த இடத்தில் உதடு நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி அசைந்தது.

"நீ கேக்கறது அதைத்தான். நான் பாக்காம விட்டதும் அதைத்தான். உன்கிட்ட எதைச் சொல்லுவேன்?"

அவள் இத்தனை நாள் ஏங்கியது அந்த வார்த்தைக்குத்தான். அது இருந்தது. நீளமாகவே இருந்தது. யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது. இனி எந்த ஓட்டலில் எந்த மேசை போட்டு உட்கார்ந்தாலும் அது கிடைக்கப்போவதில்லை. அவள் மேசைமேல் கிடந்த அப்பாவின் கையைப் பார்த்தாள். கட்டை விரலில் பழைய எண்ணெய்க் கறை இன்னும் கோடாக இருந்தது.

"பின்னலைப் பாத்தேன்," என்றாள், உதட்டால். "கோணலா இருந்துச்சு. நர்ஸ் பின்னினதுன்னு நினைச்சு அவங்களுக்கு நன்றி சொன்னேன்."

"நர்ஸுக்கா?"

"கையைப் பிடிச்சுக்கிட்டு."

அப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "எனக்கு ரெண்டு தடவை அவுந்துச்சு. நன்றி மட்டும் நர்ஸுக்கா?" என்று உதட்டைக் கோணினார். கோணிய உதடு நிற்காமல் நடுங்க ஆரம்பித்தது. அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்காரலாமா என்று பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் தெரியாது. அதனால் எதிரிலேயே இருந்தாள்.

"நான் பயப்படலை," என்றாள். "அம்மா அழகா இருந்தா."

அவர் அதை அவள் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். இன்னொரு தடவை சொல்லு என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். பிறகு அவர் மீனைப் பிட்டார். நிறைய முள் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, முள் நீக்கியதை அவள் பக்கம் தள்ளினார். ஆறிப்போன அந்த மீனை இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

புறப்படும்போது துண்டுக்காரர் ஆளுக்கொரு புதினா மிட்டாய் கொடுத்தார். ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. கடலோரத்து நடைபாதை ஒற்றையாள் அகலம்தான். அவள் முன்னால் நடந்தாள், அப்பா பின்னால் வந்தார். இயந்திரத்தின் சத்தம் தேய்ந்து அலைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கருவி இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

திடீரென்று பின்னால் அவசரக் காலடி கேட்டது. அப்பா மூச்சிரைக்க அவளை உரசிக்கொண்டு தாண்டி, முன்னால் போய்த் திரும்பி நின்றார்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலையேப்பா."

"தாடை அசைஞ்சுதே."

அவள் நாக்கை நீட்டி மிட்டாயைக் காட்டினாள். அவர் பார்த்தார், தலையாட்டினார். ஆனாலும் திரும்பி நடக்கவில்லை. அவள் வாயைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கத் தொடங்கினார், அவருக்குப் பின்னால் கடல் மொத்தமும் வெயிலில் கிடந்தது.

அவள் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வாய் நிறைய விரித்து, சத்தமில்லாமல் சொன்னாள்:

"பாத்து. பின்னாடி படி இருக்கு."

கண்ணை எடுக்காமலே அவர் குதிகாலால் படியைத் தேடி இறங்கினார்.