சின்னவனின் முகவரி

பெரியவனின் இரண்டு விசிறிகளில் ஒன்று நின்றுபோயிருந்தது. மற்றது தகரத்தை உரசுவதுபோல் அலறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்த ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு வரும் அத்தனை அழைப்புகளும் பெரியவன் என்ற அந்த ஃபயர்வால் காவல் பெட்டி வழியாகத்தான் உள்ளே வந்தன. கீழ்த்தட்டில் அதே உருவத்தில் இன்னொரு பெட்டி, சின்னவன். மேலே இருப்பவன் விழுந்தால் கீழே இருப்பவன் அந்த நொடியே பொறுப்பேற்க வேண்டும்.

நெட்வொர்க் பொறியாளர் பெரியவனின் தலையில் உள்ளங்கையை வைத்தாள், வெடுக்கென்று எடுத்தாள். சூடு ஏறி அவன் தானாக அணைவதற்குள் வேலையைச் சின்னவனிடம் மாற்றியாக வேண்டும்.

மாற்றவிடாமல் தடுத்தது ஒரு சிவப்புப் புள்ளி. நகரின் மறுகோடியில், தலைமை அலுவலகத்தின் மேலாண்மைத் திரையில், சின்னவன் காலையிலிருந்து சிவப்பாக இருந்தான். பரிசோதிப்பதற்காக அவள் அவனைப் பொறுப்பிலிருந்து ஒதுக்கிவைத்திருந்தாள். புள்ளி பச்சையாகாமல் அவனைத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. அதுவரை பெரியவன் விழுந்தால் தாங்க ஆளில்லை.

திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய நாத்தனார்.

"அண்ணி, அவன் செத்துட்டான், ஒத்துக்குங்க." போன் ஸ்பீக்கரில் கரகரத்தது.

"என் கண்ணு முன்னாடி கல்லு மாதிரி உக்காந்திருக்கான். கேபிள் மாட்டி உள்ளயே போய்ப் பாத்துட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"உங்க கண்ணுக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியும். எங்க அண்ணனையே கட்டிக்கிட்டவங்களாச்சே."

வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். இன்று கதவுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

"ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றாரு மேனேஜர். பின்னாடியே நிக்கிறாரு."

"என்னம்மா யோசனை?" மேலாளரின் குரல் இடையில் புகுந்தது. "சும்மா இருக்கற ஆளத்தானே எழுப்பச் சொல்றேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. உயிரோடு இருப்பவன் ஏன் அங்கே தெரியவில்லை?

"ஒரு நிமிஷம் சார். ஏம்மா, சின்னவன் அனுப்பற பதிவெல்லாம் அங்க வருதா?"

"வருதே. ரெண்டு பேரோடதும் ஒரே முகவரியிலேர்ந்து வருது."

"ஒரே முகவரியா?"

"ஆமா. பட்டியல்ல சின்னவனுக்கு வேற ஏதோ நம்பர் போட்டிருந்துச்சு. வர்ற நம்பரோட ஒத்துப்போகல. இன்னிக்குக் காலைல நான்தான் சரி பண்ணி வெச்சேன்."

"எந்த நம்பரப் போட்டே?"

நாத்தனார் படித்தாள். பொறியாளரின் நடை நின்றது. அது சின்னவனுடையதல்ல, இருவருக்கும் பொதுவானது.

உள்ளிருந்து எது வெளியே போனாலும், அனுப்புநர் முகவரியை அழித்துப் பொது முகவரியைப் போட்டு அனுப்பும் ஏற்பாடு அந்தப் பெட்டிகளில் இருந்தது. சின்னவன் தன் வாயால் பேசியதும் அதே பெயரில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் பொது முகவரிக்கு வரும் பதில்கள், அப்போது வேலையில் இருப்பவன் கைக்குத்தான் கிடைக்கும். கட்டளைகளும் அப்படித்தான். கடவுச்சொல்கூட இருவருக்கும் ஒன்றே; ஆள் மாறியது அனுப்புகிறவளுக்குத் தெரியாது.

"கீபோர்டுலேர்ந்து கைய எடு!"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"

"ரீஸ்டார்ட் வேண்டாம். பெட்டிய அடையாளம் காட்ட நீல விளக்கு ஒண்ணு இருக்குல்ல? அத மட்டும் சின்னவனுக்குப் போடு."

"போட்டாச்சு."

மேல்தட்டில், பெரியவனின் நெற்றியில், நீல விளக்கு சிமிட்டியது.

"இப்ப யாருக்குப் போட்டே?"

"சின்னவனுக்குத்தான், சத்தியமா."

"பெரியவன்ல எரியுது."

மேலாளர், "அப்போ ரீஸ்டார்ட் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"பழைய நம்பரையே போடும்மா. அப்புறம் விதிகள்ல எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சேத்துடு. இவங்க ரெண்டு பேரும் உன் சர்வரோட பேசறப்ப முகவரிய மாத்தவே கூடாது. அவனவன் சொந்த முகவரியிலேயே வரட்டும்."

"நான் நல்லதுன்னு நெனச்சுதான் அண்ணி..."

"தெரியும். அத வீட்ல பேசிக்கலாம். ரெண்டு பேருக்கும் அனுப்பு."

புது விதி பெட்டிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது விசிறியின் அலறல் சட்டென்று நின்றது. அத்தனை நேரம் எரிச்சலூட்டிய சத்தம். இப்போது இரண்டாவது விசிறியும் போயிருந்தது. கருகும் பிளாஸ்டிக் வாடை மெல்ல எழுந்தது. அவள் ஓர் அட்டையை எடுத்துப் பெரியவனுக்கு விசிறத் தொடங்கினாள். அது அபத்தம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

"எவ்வளவு ஆச்சு?"

"போயிட்டே இருக்கு... இருங்க... பச்சை! அண்ணி, பச்சை!"

"சார், சேக்கட்டுமா?"

"சேத்துடும்மா, கேட்டுக்கிட்டு நிக்காத!"

அட்டையைக் கீழே போட்டாள். சின்னவனைப் பொறுப்பில் சேர்த்து, வேலையை அவனிடம் திருப்பும் கட்டளையை அடித்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு கட்டுப்பாட்டு அறைக்குள் ஓடினாள்.

முதல் வரிசையில் ஓர் ஆபரேட்டர் காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"ஹலோ? ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

யாரும் அசையவில்லை.

"ஆங், இப்பக் கேக்குது. அழாதீங்க. பக்கத்துல போய் அப்பாவுக்கு மூச்சு வருதான்னு பாருங்க."