உம் கொட்டாதவன்

வகுப்பறை விளக்குகளை அணைத்துவிட்டு, நான் எடுத்த பேட்டியை எல்லாரும் கேட்கும்படி ஓடவிட்டார் பேராசிரியை. ரொட்டிக்கடைக்காரம்மா தன் விவாகரத்தைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் பின்னாலிருந்து "உம்" என்றொரு சத்தம். "கடைக்குப் பின்னால் மாடு ஏதாவது கட்டியிருந்தார்களா?" என்று கேட்டார் பேராசிரியை. வகுப்பு சிரித்தது. ஊடகவியல் முதுகலை படிக்க விமானம் ஏறி வந்தவனை மாடு என்று கண்டுபிடிக்க இவர்களுக்கு ஒரு செமஸ்டர் ஆகியிருக்கிறது. எங்கள் ஊர் வாத்தியார்கள் முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்.

எந்தப் பதிவையும் வெட்டிவிடுவதால் பேராசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. ஆனால் பேசுகிறவரின் குரல்மேல் விழுந்த "உம்"மைக் கத்தரியாலும் வெட்ட முடியாதாம். ஆகவே, வாயைத் திறக்காதே, தலையை மட்டும் ஆட்டு. அவர் நிறுத்தினால் நீயும் சும்மா இரு. மௌனம் தாங்காமல் அவரே மேலே சொல்வார். இதுதான் பாடம். எங்கள் வீட்டில் ஒருவன் உம் கொட்டவில்லை என்றால் ஒன்று தூங்கிவிட்டான், இல்லை கோபத்தில் இருக்கிறான்.

பயிற்சிக்கு அறைத்தோழனைப் பிடித்தேன். கணக்கியல் படிப்பவன், என்னிடம் தமிழில் பேச இந்த ஊரில் இருந்த ஒரே ஆள். தன் காதல் தோல்வியைச் சொல்ல ஆரம்பித்தான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

"டேய், பேய் பிடிச்ச மாதிரி ஆட்டாதடா. பயமா இருக்கு."

தலையாட்டினேன்.

"அவளும் இப்படித்தான்டா, கடைசில ஒண்ணுமே பேசல," என்று நிஜமாகவே அழுதுவிட்டான். எனக்குப் பழக்கம் வந்துவிட்டது.

இறுதிப் படைப்பு, குடும்பத்தில் ஒருவரின் குரலில் ஓர் ஒலிச்சித்திரம். நான் அப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குக் காரணம் கலை இல்லை. நான் இங்கே வந்த ஆறாவது மாதம் அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பவில்லை. என் பாஸ்போர்ட் அப்போது விசா நீட்டிப்புக்காக ஏதோ ஓர் அலுவலக இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றாள் சித்தி. உன் பேரைச் சொல்லிக்கொண்டேதான் போனாள் என்றார் மாமா. இருவருமே அன்று அங்கே இல்லை. பக்கத்தில் இருந்தவர் அப்பா ஒருவர்தான். அம்மா என்னைக் கேட்டாளா என்பதை மட்டும் அவரிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அப்பாவைப் பேசவைப்பது லேசு இல்லை. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். மைக் முன்னால் நாள் பூராவும் ஊருக்கே வழி சொல்லுவார். வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவது பல் பிடுங்குகிற மாதிரி. அம்மாவுக்குப் பிறகு எங்கள் பேச்சு சாப்பிட்டியா, குளிரா, வெச்சிடறேன் என்று முடிந்துவிடும். மகனுக்குச் சொல்லாததைக் காலேஜுக்குச் சொல்லுவார் என்று நம்பினேன். சரியாகவே நம்பியிருக்கிறேன்.

"ரெக்கார்டு ஆவுதா?" என்று போனில் கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார். கல்யாணம் ஆனது, நான் பிறந்தது, வீடு மாறியது எல்லாம் அறிவிப்பு மாதிரியே நிறுத்தி நிறுத்தி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவராகவே அந்த நாளுக்கு வந்தார்.

"ட்ரிப்ஸ் ஏறிட்டு இருந்துச்சு. தலகாணிய சரி பண்ணச் சொன்னா. பண்ணேன். அப்புறம் போன எடுங்கன்னா. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா. நான் என்ன பண்ணேன்னா..."

நிறுத்தினார்.

இருட்டு ஜன்னலில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கழுத்து வலிக்கத் தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கு எந்தப் போனும் வரவில்லை. சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா.

"ஹலோ?" என்றார். "கேக்குதா? டேய்... ச்சே, லைன் போச்சு."

நான் "அப்பா" என்று கத்துவதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன்.

"சிக்னல் இல்லடா. சரி விடு, காலேஜுக்கு இவ்ளோ போதும்ல?"

"அந்தக் கடைசி..."

"அடுப்புல பால் இருக்கு," என்றார்.

வகுப்பில் எல்லாருக்கும் மொழிபெயர்ப்பைப் படிக்கக் கொடுத்துவிட்டு அதை ஓடவிட்டேன். கத்தரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான பதிவைக் கேட்டதில்லை என்றார். "லைன் போச்சு" என்பதோடு முடி, அதற்குமேல் ஒரு நொடிகூட வேண்டாம், என்ன ஒரு முடிவு என்றார். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவன், "உன் அப்பா அப்புறம் என்ன சொன்னார்?" என்று கேட்டான். பால் பொங்கிவிட்டது என்றேன். சிரித்துக் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் வகுப்புக்கு வெளியே, ஜன்னலே இல்லாத தாழ்வாரத்தின் கோடியில் நின்று அப்பாவை அழைத்தேன். அங்கே அவர் டூட்டி முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"வகுப்புல முதல் மார்க்குப்பா."

"அப்படியா! அம்மா இருந்திருந்தா தெரு பூரா தம்பட்டம் அடிச்சிருப்பா."

"அப்பா, அன்னிக்கி அம்மா போன் கேட்டாங்களே. நீங்க ஏன்ப்பா எனக்குப் போடல?"

செருப்புச் சத்தம் நின்றது. ஒரு லாரி கடந்து போனது. நான் பொறுக்கவில்லை. "லைன்லதான் இருக்கேன்ப்பா, சொல்லுங்க."

"மறுநாள் உனக்குப் பரீட்சைடா," என்றார். "காலைல பேசலாம், புள்ள படிக்கட்டும்னு சொன்னேன். அவளும் சரின்னா."

நான் வாயைத் திறப்பதற்குள், "வெச்சிடறேன்டா," என்றார்.

வைக்கவில்லை. அழுத்தியது சரியாக விழவில்லை போல. துணி உரசியது, என்னைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். யாரோ, "என்ன சார், பையன் எப்ப வரான்?" என்றார்கள். "வருவான், வருவான்," என்றார், மைக்கில் சொல்லுகிற அதே குரலில். மாடிப்படியில் மூச்சு வாங்கியது. சாவிக் கொத்து குலுங்கியது. சாவி துவாரத்தைத் தேடிக் கொஞ்ச நேரம் கதவைச் சுரண்டியது. கதவு திறந்தது. செருப்பைக் கழற்றினார். நாற்காலி ஒன்று இழுபட்டது. பிறகு உள்ளே அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் மூச்சுக்கூட விடாமல் நின்றேன். ஆள் நடமாட்டமே இல்லை என்று எண்ணி, ஆள் அசைந்தால் மட்டும் எரியும் தாழ்வாரத்து விளக்குகள் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன.