எட்டாவது ஆள்

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. தலைமாடு மேல்படியில் நிற்க, கால்மாடு சுவரில் முட்டி நின்றது. தூக்கியவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவன் சாய்க்கச் சொன்னான், ஒருவன் பின்னால் வாங்கச் சொன்னான், கீழே நின்ற வண்டி டிரைவர் இப்படித் திருப்பினால் ஆயுசுக்கும் வராது என்று தன் பங்குக்குக் குரல் கொடுத்தான். அந்தக் களேபரத்தில் மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்த வார் தளர்ந்து, போர்வைக்குள் இருந்த உடம்பு ஒரு சாண் கீழே வழுக்கியது.

செத்துப்போனவரின் மனைவி நான்கு படி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டால் விழுந்துவிடுவாள் என்பதுபோல நாத்தனார் அவள் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்கு விழும் உத்தேசம் எதுவும் இல்லை. பிடி வலித்தது, அவ்வளவுதான்.

பக்கத்திலேயே லிஃப்ட் இருந்தது. நான்கு மாதமாக ஓடவில்லை. கதவுப் பூட்டுக்குள் ஒரு பித்தளைத் துண்டு தேய்ந்துபோயிருக்கிறது, அரை மணி வேலை என்று அது நின்ற புதிதிலேயே அவள் கணவர் கண்டுபிடித்துவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக் வேலை படித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தோரு வயதில். ஆனால் குடியிருப்புச் செயலாளர், சான்றிதழ் இல்லாத கை அதன்மேல் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். சான்றிதழுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. இப்போது லிஃப்ட் படித்த ஒருவரை, லிஃப்ட் படிக்கிற ஏழு பேர் படிக்கட்டில் சுமந்துகொண்டிருந்தார்கள். இந்த வேடிக்கை எல்லாருக்கும் புரிந்தது. முட்டி மட்டும்தான் வாயைத் திறந்தார்.

"செயலாளர் கேட்டா சொல்லுங்கப்பா. சான்றிதழ் இல்லாமத்தான் இறக்கறோம்னு."

முட்டி என்பது கால் ஒன்று மடங்காமல் போன ஒருவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர். சொல்லிவிட்டு அவர் சுமையிலிருந்து ஒரு கையை எடுத்து, இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார்.

அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். பேச்சும் நின்றது. பிறகு அவர் குட்டையாக இரண்டு அடித்தார். தலைமாடு ஒரு முழம் உயர்ந்தது. மூன்று அடித்தார். கால்மாடு தாழ்ந்து, சுவரை உரசாமல் வளைந்து திரும்பியது. எதிர் வீட்டுக் கதவு திறந்து ஒரு முகம் எட்டிப் பார்த்து, பிணத்துக்கு முன்னால் விசிலா என்று முணுமுணுத்துவிட்டு மூடிக்கொண்டது. நாத்தனாருக்கும் முகம் சுருங்கியது. இதென்ன கூத்து, தடுக்கக்கூடாதா என்று அவள் காதருகே கேட்டாள்.

அவள் தடுக்கவில்லை. ஒன்று நிறுத்து, இரண்டு இழு, மூன்று தளர்த்து. இருபத்திரண்டு வருஷம் அவள் கணவர் மலைச்சரிவில் இந்தக் கணக்குக்குத்தான் வின்ச் ஓட்டினார். வெட்டிய மரத்தை எஃகுக் கம்பியில் கட்டி மேலே இழுக்கிற இயந்திரம் அது. கீழே கம்பி கட்டுகிறவனை மேலே இருப்பவனால் பார்க்க முடியாது. விசில் வந்தால் இழுப்பார், வராவிட்டால் சாமியே வந்து சொன்னாலும் இழுக்கமாட்டார்.

எரித்துவிட்டுத் திரும்பியபோது மணி இரண்டு. ஏழு பேரும் நாலாவது மாடிவரை ஏறி வந்து, கூடத்தில் கால் நீட்டக்கூட இடமில்லாமல் உட்கார்ந்தார்கள். நாத்தனார் டீ போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. பிறகு யாரோ ஆரம்பிக்க, செத்தவரைப் பற்றிய பேச்சு வந்தது. அவள் சமையலறை நிலையில் சாய்ந்து கேட்டாள். பாதி அவளுக்குத் தெரியாதவை.

தெரிந்த பாதி இது. காட்டில் இனி மரம் வெட்டுவதில்லை என்று முடிவானதும் கம்பெனி மூடியது. அவர் வின்ச்சிலிருந்தும் அவள் நாற்றங்காலிலிருந்தும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். பத்தொன்பது வருஷம் அவள் பைகளில் மண் நிரப்பிக் கன்று வளர்த்திருந்தாள். ஆளுக்கொரு கடிதம் வந்தது. புதுத்தொழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் அரசாங்கமே கட்டும் என்று அதில் இருந்தது. சாப்பாட்டுக்கு எதுவும் இல்லை, கட்டணம் மட்டும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வேலையப் பிடுங்கிட்டு சிலேட்டு வாங்கித் தராங்க. கண்துடைப்பு" என்றாள். கடிதத்தை அலமாரியில் துணிக்கு அடியில் போட்டுவிட்டு, நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கச் சேர்ந்தாள். யாராவது ஒருவர் உலை வைக்க வேண்டுமே. அவர் வாதாடவில்லை. அவர் படித்தார், அவள் துடைத்தாள்.

லிஃப்ட் வகுப்பில் சேர யாருக்கும் மனசில்லை. பாதிப் பேர் அதில் ஏறியதுகூட இல்லை. அவர்தான் வீடு வீடாகப் போய், "கம்பி கம்பிதான்யா. அங்க மரம் வரும், இங்க ஆள் வரும்" என்று பேசிப் பேசி ஆள் பிடித்தார்.

தெரியாத பாதியை இப்போது இவர்கள் சொன்னார்கள். வின்ச்சில் போலவே அவர் பழைய துணியைக் கம்பியில் சுற்றி ஓடவிடுவாராம். அறுந்த இழை எங்கிருந்தாலும் துணியில் சிக்கும். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, இது புத்தகத்தில் இல்லை, இன்னொரு முறை செய்யுங்கள் என்றாராம். சொட்டு என்கிறவன், ஒரு சொட்டுத்தான் என்று சொல்லியே குடும்பத்தைக் குடித்தவன், காலை ஐந்தரைக்கு அவர் தன் வாசலில் வந்து நிற்பதைச் சொன்னான். உள்ளே வரமாட்டார், திட்டமாட்டார். இவன் பல் தேய்த்து முடிக்கும்வரை நிற்பார். "அந்த மூஞ்சியப் பாக்கறதுக்கு வகுப்புக்கே போயிடலாம்னு ஆயிடுச்சு அண்ணி." இரண்டு பேருக்கு எழுத்து கூட்டித்தான் வரும். அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடத்தை வாசித்துக் காட்டுவாராம். அவருக்கே கணக்கில் நூற்றுக்கு முப்பத்தெட்டு.

விசில் கதையை முட்டி சொன்னார். செய்முறை வகுப்பில் வாத்தியார் கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு, மேலே மெஷின் அறையில் இருந்த அவள் கணவரிடம் இறக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். இவர் பொத்தானைத் தொடவில்லை. மறுபடி கத்தினார். தொடவில்லை. கடைசியில் வாத்தியார் ஏணியில் ஏறி வந்து, காது கேட்காதா என்று கேட்டார். "கேட்டுச்சு சார். நீங்க விசில் அடிக்கல." அன்றைக்கு மதிப்பெண் பூஜ்யம். வகுப்பே உருண்டு சிரித்தது. முட்டி சிரிக்கவில்லை. முன்னால் ஒரு தடவை, வேறொரு வின்ச்காரன், யாரோ யாரையோ கூப்பிட்ட சத்தத்தை நம்பிக் கம்பியை இழுத்ததில் போனதுதான் அவர் கால்.

"அடுத்த வாரம் வாத்தியார் கழுத்துல ஒரு விசில் தொங்குச்சு தங்கச்சி. ஏதுன்னு நாங்க கேட்கல. அவரும் சொல்லல."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டம்ளரையே பார்த்தார்கள். இவர்கள் எதையோ விழுங்குகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது.

அப்போதுதான் வாசலுக்கு வெளியே வாத்தியார் நிற்பதைப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். காலையிலிருந்து கூடவே வந்தவன் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். அவள் வெளியே போனாள்.

"உள்ள வாங்க சார்."

"இல்லம்மா. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்." குனிந்து செருப்பையே பார்த்தான். "போன வாரம் அவர் அரை நாள் லீவு கேட்டார். நெஞ்சு அடைக்குது, டாக்டரைப் பாக்கணும்னார். நான் விதியைச் சொன்னேன்."

"என்ன விதி?"

"இவ்வளவு நாள் வந்தே ஆகணும்னு ஒரு அளவு இருக்கு. அதுக்குக் கீழ போனா அரசாங்கம் அந்த ஆளுக்குக் கட்டணம் கட்டாது, பேரை அடிச்சிடும். அவருக்கு லீவே மிச்சம் இல்ல. அவர் பேர் போனா வகுப்புல ஏழு பேர். எட்டுக்குக் கீழ போனா வகுப்பையே மூடிடுவாங்க. இதத்தான் சொன்னேன். கேட்டுட்டு, பரவால்ல சார், வாயுவா இருக்கும்னுட்டு ஸ்பேனரை எடுத்துட்டுப் போயிட்டார்."

அவளுக்கு நெஞ்சு டாக்டரைத் தெரியும். காலை பத்திலிருந்து ஒன்றுவரைதான் பார்ப்பார். அந்த அறையின் முன்நடையை அவள் தினமும் இரண்டு தடவை துடைக்கிறாள். நேற்று விடியலில் அவர் செருப்பு மாட்டக் குனிந்தார், நிமிரவில்லை. சொட்டின் வாசலுக்குப் போகக் கிளம்பியவர்.

"அப்போ இவங்க ஏழு பேருக்காகத்தான் டாக்டர்கிட்ட போகலையா?" குரல் உயரவில்லை. ஆனால் உள்ளே டீ குடிக்கும் சத்தம் நின்றது.

முட்டி காலை இழுத்துக்கொண்டு நிலைவரை வந்தார். "சத்தியமா எங்களுக்குத் தெரியாது தங்கச்சி. தெரிஞ்சிருந்தா வகுப்பு நாசமாப் போகட்டும்னு அவரைத் தூக்கிட்டுப் போயிருப்போம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அந்த ஏழு பேரையும் அந்த நிமிஷம் அவளுக்குப் பிடிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போகட்டும் என்றிருந்தது. வாத்தியாரிடம் திரும்பினாள்.

"லீவு எப்படித் தீரும்? காய்ச்சல்னாகூட வகுப்புக்குப் போற மனுஷன்."

"ரெண்டாவது மாசம் தொடர்ச்சியா ஒன்பது நாள் எடுத்தாரும்மா. வீட்டுல உடம்பு சரியில்லைன்னு சொன்னார்."

அவள் மனசுக்குள் மாதத்தை எண்ணினாள்.

இரண்டாவது மாதம் அவளுக்கு டைபாய்டு. தலை தூக்க முடியாமல் கிடந்தாள். அவர் கஞ்சி வைத்தார், தலை துவட்டினார், வாளியை எடுத்துக் கொட்டினார். வகுப்புக்குப் போகவில்லையா என்று கேட்டபோது, மெஷினுக்குச் சாமான் வரவில்லை, எல்லாருக்கும் லீவு விட்டிருக்கிறார்கள் என்றார். அவள் நம்பினாள். கண்துடைப்புப் பள்ளிக்கூடம், சாமான் வராமல்தான் இருக்கும் என்று அந்தக் காய்ச்சலிலும் நக்கல் அடித்தாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கீழே யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"இவங்களை என்ன செய்வாங்க?" என்று கேட்டாள்.

"இப்போ இதப் பேசற நேரம் இல்லம்மா."

"எப்போ பேசற நேரம்?"

வாத்தியார் சொன்னான். பதினைந்து நாளுக்குள் கம்பெனியின் அதே பட்டியலில் இருந்து ஒரு ஆள் சேர்ந்தால் வகுப்பு நடக்கும். விட்டுப்போன பாடத்தை அவனே மாலையில் நடத்தித் தருவான். ஆனால் ஆள் இல்லை. பட்டியலில் இருந்த மற்றவர்கள் பிழைப்புத் தேடித் திக்காலுக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். இவர்கள் ஏழு பேரும் நேற்றிலிருந்து எல்லாருக்கும் போன் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

அவள் உள்ளே போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். அலமாரியைத் திறந்து, துணிக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, மடிப்பில் மஞ்சளாகிப்போன கடிதத்தை எடுத்து வந்து வாத்தியாரிடம் நீட்டினாள். நாற்றங்கால் பிரிவு என்று போட்டு அவள் பெயர் அதில் இருந்தது. அவன் முதல் பக்கத்தைப் படித்தான், திருப்பினான், மறுபடி முதல் பக்கத்தைப் படித்தான்.

"செல்லுமா?"

"செல்லும்மா." அவன் கடிதத்தை மடித்தான். "ஆனா ஆஸ்பத்திரி வேலை?"

"சாயங்கால ஷிப்ட் கேட்கறேன். குடுத்தா சரி. குடுக்கலேன்னா வேற இடத்துல தரை இல்லாமலா போயிடும்."

"சாயங்காலம்னா விட்ட பாடம்?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. யோசித்தாள். "ஞாயித்துக்கிழமை நடத்துங்க" என்றாள். அவன் தலையாட்டினான்.

முட்டிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எங்களுக்காகன்னா வேண்டாம் தங்கச்சி. அவர் ஒருத்தர் பட்டது போதும்."

"உங்களுக்காகன்னு நான் சொன்னேனா?"

நாத்தனார் டம்ளர்களை அடுக்கியபடி இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்பதுபோலப் பார்த்தாள். அவள் நிலையில் சாய்ந்தபடியே சொட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"எட்டு மணிக்கா வகுப்பு?"

"ஏழே முக்கால் அண்ணி."

"சோறு கட்டிட்டு வரணுமா, அங்க கிடைக்குமா?"

"கேன்டீன் இருக்கு. அதச் சாப்பிட்டா அடுத்து உங்க ஆஸ்பத்திரிதான். கட்டிட்டே வாங்க." கொஞ்சம் தயங்கி அவள் கையைக் காட்டினான். "மோதிரம் போடக்கூடாது அண்ணி. முதல் நாளே அதான் பாடம். மோட்டார் ஓடறப்ப மாட்டுச்சுன்னா விரலோட சேர்த்து வாங்கிடும்."

அவர்கள் இறங்கிப்போகும் சத்தம் படிக்கட்டில் வெகு நேரம் கேட்டது. முட்டியின் கால் மட்டும் தனித் தாளத்தில் கடைசியாக இறங்கியது. அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். இருபத்தைந்து வருஷத்து மோதிரம். போட்டபோது அவள் விரல் இதில் பாதி இருந்தது. சோப்பைத் தேய்த்து நுரை வரவழைத்து, திருகித் திருகி இழுத்தாள்.

நாத்தனார் பின்னால் வந்து நின்றாள். பார்த்ததும் அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னைக்கேவா கழட்டணும்? என் தம்பி போட்டது, அவன் நினைப்பா விரல்லயே கிடந்துட்டுப் போகட்டுமே. இப்பல்லாம் யாரும்மா இதெல்லாம் பாக்கறாங்க?"

"இருக்கட்டும்க்கா."

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மோதிரம் மூட்டுவரை வந்தது. அங்கே தோல் மடிந்து தடுத்தது. அவள் விரலைத் தண்ணீரில் காட்டிவிட்டு, இன்னொரு முறை சோப்புப் போட்டாள்.