காலைப் பறவைகள்

நெமாரைப் படகின் மேடைப்பலகையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தோம். என் தங்கச்சி மகள், ஏழு வயது. பவளப்பாறை கிழித்த கால் தொடைவரை வீங்கியிருந்தது. கப்பல் வர இன்னும் மூன்று வாரம். ஊசி போட ஆள் இருந்தது இஃபாலிக் தீவில். எங்கள் தீவு லாமோட்ரெக்கில் பாய் ஏற்றியதிலிருந்து நான் கண்மூடவில்லை. வழி பார்க்கிறவன் கரை தெரியும்வரை தூங்கக்கூடாது. என்னைப் போல விழித்திருக்க ஆளில்லை என்று ஊரே சொல்லும். நானும் மறுத்ததில்லை.

இரண்டாம் நாள் கண் அசந்துவிட்டது. விழித்தபோது எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியவில்லை; மேகம் மூடிய சாம்பல் வெளிச்சம். ஆலாக்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. பொழுது சாய்கிறது, கரைக்குத் திரும்புகின்றன என்று நினைத்தேன்.

"திருப்பு மாப்ளே. பறவை பின்னால போ."

சுக்கான் பிடித்திருந்த தங்கச்சி புருஷன் சரோலுக் தயங்கினான். "மச்சான், இது காலைப் பறவை இல்லையா?"

"வழி பாக்கறது நீயா, நானா?"

நான் தூங்கியதை இவன் பார்த்துவிட்டானே என்ற எரிச்சல். அவன் திருப்பினான். காலையில் பறவை கரையை விட்டுக் கடலுக்குப் போகும் என்பது தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். வெளிச்சம் குறையாமல் கூடிக்கொண்டே வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க வெட்கம். உச்சிவரை அப்படியே போனோம்.

எதிர்க்காற்றில் திரும்பி ஏற ஒன்றரை நாள்.

"மாமா, தென்ன மரம் தெரியுதா?"

"இதோ வந்துருச்சு கண்ணு."

தென்னைகள் தெரிந்தபோது கேட்க அவள் இல்லை.

அங்கேயே புதைத்துவிட்டு ஊர் திரும்பினோம். கரையில் கூடியவர்களிடம் சரோலுக், "காத்து மாறிடுச்சு. மச்சான் பொட்டுத் தூக்கம் தூங்கல" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்டாட்டி வீட்டு நிலத்தில், எங்கள் நிலத்தில், வாழ்கிறவன் வேறென்ன சொல்வான்? என்னை ஈரப்பலா மர நிழலில் உட்காரவைத்துக் கள் ஊற்றிக் கொடுத்தார்கள். பாவி நான், வாங்கிக் குடித்தேன்.

தங்கச்சி இலேபுவே சோற்றுக் கிண்ணத்தோடு வந்தாள். அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது தங்கை நிமிர்ந்து நடக்கக்கூடாது. நான் எழுந்து நின்றிருந்தால் அவளும் நிமிர்ந்து வந்திருப்பாள். எழவில்லை. மகளுக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். மணலில் முழங்காலால் ஊர்ந்து வந்து கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்கண்ணே. தூங்கவே இல்லையாமே."

சொல்லிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் அப்படியே பின்னால் நகர்ந்து போனாள்.