அவன் ஊர் மணி

அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து அவருடைய கைபேசியின் மேல் வைத்து அழுத்தினாள் மூத்தவள். திறக்கவில்லை. விரலைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதற்கும் மசியவில்லை. நேற்று ராத்திரி வரைக்கும் தொட்டதும் திறந்தது, இன்றைக்கு இவர் யாரென்றே தெரியாது என்று அடம் பிடித்தது.

“தம்பி பொறந்த வருஷத்தைப் போட்டுப் பாரு,” என்றாள் அம்மா, கட்டிலின் மறுபக்கத்திலிருந்து.

திறந்தது. தம்பிதான் செய்தி அனுப்பியிருந்தான். “அப்பா, எழுந்துட்டேன். ராத்திரி தூக்கமே இல்லை. இன்னிக்குத்தான். ஏதாவது சொல்லுங்க.”

மூத்தவள் அப்பாவின் பழைய பதில்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மனுஷர் எதற்கும் எழுத்தில் பதில் சொன்னதே இல்லை. நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்றாலும் ஒரு கட்டைவிரல் படம், சளி பிடித்திருக்கிறது என்றாலும் ஒரு கட்டைவிரல் படம். அவளும் அதையே அனுப்பினாள். உடனே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரித்த முகம் வந்தது.

“என்ன சொன்னான்?”

“சிரிக்கிறாம்மா.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் நெஞ்சு எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், அம்மா தண்ணீர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு பெருமூச்சு விட்டுப் போனார். அழுவதற்கும் முன்னால் அம்மா சொன்ன முதல் வார்த்தை, “அவன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது” என்பதுதான்.

காரணம் இருந்தது. தம்பி இயற்பியலில் முனைவர் பட்டம் படிக்க வெளிநாடு போய் இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. போன கையோடு வைத்த எழுத்துத் தேர்வில் மின்காந்தவியலைக் கோட்டை விட்டான். சரி, நேரில் வந்து கரும்பலகையில் போட்டுக் காட்டு, கேட்கிற கேள்விக்கு வாயால் பதில் சொல் என்று மூன்று பேராசிரியர்கள் இன்றைக்கு அவனுக்காக அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தேறினால் ஆய்வுக்கூடத்தில் இடம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இன்னொரு வாய்ப்பு என்ற பேச்சே அங்கே கிடையாதாம்.

அந்த இடமும் சும்மா கிடைத்துவிடவில்லை. முதல் வருஷம் விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் கையை விரித்தது. இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறாய் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்வார்கள். அவன் எழுதி எழுதிக் கிழித்ததையெல்லாம் வாசித்துக் கடைசியில் மூத்தவளுக்கே அதைப் படிக்கலாமா என்று ஆசை வந்துவிட்டது. கல்லூரி அலுவலகத்தில் அவன் மதிப்பெண்களை ஓர் உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பிரித்தால் செல்லாது. வாங்கப் போனவர் அப்பா. பஸ்ஸில் வரும்போதே பிரித்துப் பார்த்துவிட்டார். வீட்டில் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, “என் பிள்ளை மார்க்கை நான் பார்க்கக் கூடாதா?” என்று கேட்டார். மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அதே அலுவலகத்தின் வாசலில் போய் நின்றார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மகன் படிப்பது பொருள்களை மிக மிகக் குளிர வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி. “ஃப்ரிட்ஜ் சம்பந்தமா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது அவருக்குக் கோபம் வரவில்லை. “ஃப்ரிட்ஜ் தரைத்தளம்னு வெச்சுக்குங்க. இவன் அதுக்குக் கீழ, அதுக்கும் கீழ போறான்,” என்று பொறுமையாக விளக்கினார்.

தம்பி விமானம் ஏறிய வாரமே அப்பா இரண்டாவது சுவர்க்கடிகாரம் ஒன்றை வாங்கி வந்து, கூடத்தில் பழையதன் பக்கத்தில் மாட்டினார். அதில் ஓடுவது அவன் ஊர் மணி. சாப்பிட உட்கார்ந்தாலும் கண் அங்கேதான். “இப்பத்தான் குளிக்கப் போயிருப்பான்,” “இப்ப வகுப்புல உக்காந்திருப்பான்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அவன் பல் தேய்ப்பதுகூட அந்த வீட்டில் நேரடி ஒலிபரப்புதான்.

இன்று காலை ஆட்கள் வரத் தொடங்கியபோது அம்மா அந்தக் கடிகாரத்தைக் காட்டி, “அது சரியா ஓடுதா பாரு,” என்றாள். மூத்தவள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பாளர். நாள் முழுக்க ஊராருக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். பழைய கடிகாரத்தைப் பார்த்து, வழக்கமான வித்தியாசத்தை விரல் விட்டு எண்ணினாள். புதியது சரியாக ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. நேற்று சாயங்காலம் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றி என்னவோ செய்ததை அடுப்படியிலிருந்து பார்த்திருந்தாள். துடைக்கும்போது முள்ளைத் தட்டிவிட்டிருப்பார். நேற்றே உடம்புக்கு முடியாமல்தான் இருந்திருக்கிறது, அதனால்தான் கை தடுமாறியிருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அதே ஸ்டூலில் ஏறி, முள்ளை ஒரு சுற்று முன்னால் தள்ளிச் சரி செய்தாள்.

சித்தப்பாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவர் பஸ் கண்டக்டர். கூட்டத்தைக் கண்டால் குரல் தானாக உயர்ந்துவிடும்.

“அண்ணி, பெத்த அப்பன். ஏன் சித்தப்பா என்கிட்ட சொல்லலைன்னு நாளைக்கு அவன் கேட்டா நான் மூஞ்சியை எங்க வெச்சுக்குவேன்?”

“என்னைக் கேக்கச் சொல்லுங்க.”

“இப்ப சொன்னாக்கூட கிடைக்கிற விமானத்தைப் புடிச்சு…”

“புடிச்சு? அவன் வர்ற வரைக்கும் இவரை வெச்சிருக்க முடியுமா? இதுவும் இல்லாம அதுவும் இல்லாம என் பிள்ளை நடுத்தெருவுல நிக்கணுமா?” அம்மா மூச்சு வாங்கினாள். “ஆனா அவன்கிட்ட சொல்லாம இவரை வாசப்படி தாண்ட விடமாட்டேன். முடிச்சுட்டு வெளிய வந்த நிமிஷம் நானே சொல்றேன். போன்ல ஒரு தடவை அப்பா முகத்தைப் பார்க்கட்டும். அப்புறம் எடுங்க.”

சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். கூட்டம் நிறைந்த பஸ்ஸைத் தனியாளாகச் சமாளிப்பவர், அண்ணியிடம் மட்டும் எப்போதும் இப்படித்தான்.

மதியம் கழிந்தது. அங்கே காலை. வண்டிக்காரர் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். “மயானத்துல நமக்குக் குடுத்த நேரம் தாண்டினா நாளைக்குன்னு சொல்லிடுவாங்கம்மா.” அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் ஒவ்வொருவராக அதைப் பார்க்கத் தொடங்கினார்கள். விஷயம் தெரியாதவர்கள்கூட, எல்லோரும் பார்க்கிறார்களே என்று பார்த்தார்கள்.

ஒன்பதரைக்குக் கூப்பிடுவார்கள், பத்துக்கு விட்டுவிடுவார்கள் என்று தம்பி சொல்லியிருந்தான். முள் பத்தைத் தாண்டியது.

“கொஞ்சம் பொறும்மா. வெளிய வந்து மூச்சு விடட்டும்,” என்றாள் மூத்தவள். உண்மையில் மூச்சு விட நேரம் தேவைப்பட்டது அவளுக்குத்தான். பத்தரை நெருங்கியதும் அம்மா பொறுக்கவில்லை. “போடு போனை.”

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். ஸ்பீக்கரில் அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “அக்கா!” அதிலிருந்த படபடப்பை, முடித்துவிட்டு வந்தவனின் படபடப்பு என்றே அவள் எடுத்துக்கொண்டாள். எப்படிடா என்று வாயெடுப்பதற்குள் அம்மா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். காலையிலிருந்து கட்டி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது.

“டேய் கண்ணா, அப்பா போயிட்டாருடா! நம்மளை விட்டுட்டுப் போயிட்டாருடா!”

அந்தப் பக்கம் எங்கோ தூரத்தில் ஒரு கதவு சாத்துகிற ஓசை மட்டும் வந்தது.

“அம்மா… நான் இன்னும் உள்ளயே போகலம்மா.”

அம்மாவுக்கு விளங்கவில்லை. “எங்கடா போகல?”

“வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன். அடுத்தது நான்தான்.”

மூத்தவள் கைபேசியை வாங்கி, ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தாள். “அங்க பத்தரை ஆகப் போகுதேடா?”

“ஒன்பதரைதான்க்கா ஆகப் போகுது.” அவன் குரல் பாடத்தை ஒப்பிப்பதுபோல் தட்டையாக வந்தது. “குளிர்காலம் வந்தா இங்க மணியை ஒரு மணி நேரம் பின்னால வெச்சிடுவாங்க. நேத்துலேருந்து அப்படித்தான். அப்பாவுக்குத் தெரியுமே. நேத்து போன்ல சொன்னேன். அப்பவே மாத்திட்டேன்டான்னு சொன்னாரே.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கை தடுமாறவே இல்லை. அவர் கடைசியாகச் செய்த ரிப்பேர் அது. ஒழுங்காகச் செய்திருந்தார். அவள்தான் ஏறிக் கெடுத்தாள்.

“அப்பா காலையில பதில் போட்டாரேக்கா,” என்றான் தம்பி திடீரென்று, கணக்கில் தப்பைக் கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி. “நான் பார்த்தேனே. விரல் போட்டாரே.”

“நான்தான்டா போட்டேன்.”

அவன் மூச்சு விடுவது கேட்டது. இழுப்பதும் விடுவதும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு கதவு திறந்தது. யாரோ ஒரு பெண் அவன் பெயரைத் தப்புத்தப்பாகச் சொல்லிக் கூப்பிட்டாள்.

“கூப்பிடறாங்கக்கா.”

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

“நான் என்ன செய்யட்டும்க்கா?”

சின்ன வயசிலிருந்து எதற்கும் அவளைத்தான் கேட்பான். எந்தச் சட்டை போட, எந்தக் கல்லூரிக்கு எழுத, முதல் வருஷம் எல்லா இடத்திலும் வேண்டாம் என்றபோது மறுபடி போடவா விட்டுவிடவா. ஒரு தடவைகூட அவள் யோசித்துச் சொன்னதில்லை, கேட்டவுடனே சொல்லியிருக்கிறாள். இப்போது போ என்று சொல்ல நாக்கு எழவில்லை. போகாதே என்று சொன்னால் அப்பா வாசலில் நின்று மறுபடி வாங்கிய உறையிலிருந்து எல்லாமே வீண். செத்துப்போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு.

“தெரியலடா,” என்றாள். “எனக்குத் தெரியலடா.”

அந்தப் பெண் இன்னொரு தடவை கூப்பிட்டாள், இந்த முறை கொஞ்சம் மென்மையாக. பெஞ்சு கிரீச்சிட்டது. கைபேசியைப் பலகை மேல் வைக்கிற சத்தம். காலடிகள். அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“என்னடி சொல்றான்?” என்றாள் அம்மா. “இரு, அவர் முகத்தைக் காட்டறேன். இப்படித் திருப்பு.”

“உள்ள போயிட்டாம்மா.”

“சொன்னது காதுல விழுந்துதா அவனுக்கு?”

“விழுந்துது.”

அம்மா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “இனிமே தாங்காதும்மா,” என்றார் வண்டிக்காரர், யார் முகத்தையும் பார்க்காமல். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு பேர் வண்டியிலிருந்து இறக்கி வந்த ஸ்டிரெச்சரின் பக்கத்தில் நின்றார்கள். அப்பாவை அதில் கிடத்தினார்கள்.

அங்கே கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை போலிருந்தது. வயதான ஒருவர் நிதானமாக ஏதோ கேட்டார். வெகு நேரம் பதில் இல்லை. அப்புறம் கரும்பலகையில் சாக்பீஸ் ஓடுகிற சத்தம் வந்தது.

“தூக்கலாமா?” என்று யாரோ கேட்டார்கள். மூத்தவள் கையை உயர்த்தினாள்.

சாக்பீஸ் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கைபேசியை மறு காதோடு வைத்து அழுத்தினாள். ஸ்டிரெச்சரின் நான்கு மூலையிலும் கை வைத்துக் குனிந்தவர்கள், குனிந்த வாக்கிலேயே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.