இமையோரச் சுருக்கம்

“கண்ணைத் தொறந்து குடும்மா. தூங்கறவர எப்டி பேனர்ல போட்றது?” என்றார் டோல்கேட் ஃப்ளெக்ஸ் கடை பாலகணேஷ். கணினித் திரையில் நீலமேகம் பென்சில் கோடுகளில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

வரைந்தவள் அவர் மகள் சங்கமித்ரா. அவர் விடிகாலையில் இறந்துபோனார். மாலை உடலை எடுப்பதற்குள் வியாசர்பாடி குடியிருப்பின் வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றாக வேண்டும். அங்கே யாரும் அது இல்லாமல் போனதில்லை. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதருக்கு ஆதார் அட்டையில் ஒரு படம் இருந்தது. பெரிதாக்கினால் போலீஸ் தேடுகிற ஆள்.

“நீயே கண்ணு வரைஞ்சி குடேன், தங்கச்சி,” என்றார் பாலகணேஷ்.

பென்சிலை எடுத்தாள். வரவில்லை. அப்பாவுக்கு அத்திப்பட்டில் நிலக்கரி இறக்குகிற வேலை, எப்போதும் இரவில். ஞாயிறு பகல்களில் அவர் தூங்குவார், அவள் வரைவாள். ஓவியக் கல்லூரி ஆசிரியர் எல்லாப் படத்திலும் ஒரே குறை சொன்னார்: தூங்குகிறவர் இமையில் இவ்வளவு சுருக்கம் வராது. அவள் கண்டதைத்தான் வரைந்திருந்தாள்.

பெற்ற அப்பாவின் கண் எப்படி இருக்கும் என்று தெரியாத ஓவியக்காரி. வெட்கமாக இருந்தது. உலகத்தில் தனக்கென்று யாருமே இல்லாதது போலவும் இருந்தது.

“எனுக்குத் தெர்ல மாமா,” என்றாள், கூட வந்திருந்த செங்குட்டுவனிடம். அப்பாவோடு வேலை பார்த்தவர்.

“இன்னா தெர்ல?”

“அப்பா கண்ணு. நான் பாக்கும்போதெல்லாம் தூங்கிகினுதான் இருந்தாரு.”

“அவனா தூங்குனான்? நீ பென்சில் சீவுற சத்தத்துக்கே முழிச்சிக்குவானே. பாப்பா வரைஞ்சிகினு கீதுன்னு ஆடாம கெடப்பான். ‘மூக்கு மேல ஈ குந்திச்சுடா, அதக்கூட ஓட்டல’ன்னு சொல்லிச் சிரிப்பான். அன்னிக்கு நைட்டெல்லாம் தூங்கி வழிவான்.”

சங்கமித்ரா திரையைப் பார்த்தாள். இமையோரத்துச் சுருக்கங்கள் ஒன்றுவிடாமல் அங்கே இருந்தன.

“வேற யாரு கண்ணையாவது ஒட்டிரட்டா?” என்றார் பாலகணேஷ்.

“வேணாண்ணா. மூடியே இருக்கட்டும்.”

வாசலில் பேனரைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் உள்ளே போனாள். அம்மா மலர்க்கொடி நகர்ந்து இடம் விட்டாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் நீர் பூத்திருந்தது. துப்பட்டாவால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

இமைகள் இரண்டும் தளர்ந்து மூடியிருந்தன. ஒரு சுருக்கம்கூட இல்லை.